வயது ஏறட்டும், வலிமை இறங்க வேண்டாம்!

“அறுபது வயதாகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, இரத்தக் கொதிப்பு இருக்கிறது, முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது, இனிமேலா உடம்பை இளைக்க வைக்கப் போகிறோம்? இருக்கிற வரை இருந்துவிட்டுப் போவோம்!” – இந்தப் பேச்சு ஒலிக்காத தொழிற்சங்க அலுவலகம் உண்டா? தேநீர்க் கடை பெஞ்சு உண்டா? ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் சொல்கிறார். பஞ்சாலையில் முப்பது ஆண்டு உழைத்தவர் சொல்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் சொல்கிறார். முதலாளி “முடியாது” என்று சொன்னபோது அதை ஏற்காமல் வாயிலில் உட்கார்ந்தவர்கள் இவர்கள். தடியடியைக் கண்டு பின்வாங்காதவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்கள், சொந்த உடம்பின் விஷயத்தில் மட்டும் “முடியாது” என்ற சொல்லை மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டுவிடுகிறார்களே, இது என்ன நியாயம்?

“முடியாது” என்று சொல்வது உடம்பா? எண்ணிப் பாருங்கள். பழக்கம் சொல்கிறது, அச்சம் சொல்கிறது, எதற்கும் “தலையெழுத்து” என்று முத்திரை குத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பழைய மனப்பான்மை சொல்கிறது. உடம்பைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும். அந்தப் பதிலை உலகின் பல நாடுகளில், மருத்துவர்கள் அளந்து, எண்ணி, எழுதி வைத்திருக்கிறார்கள். வயதான பிறகும், நோய் வந்த பிறகும், வீண் எடையைக் குறைக்கலாம்; போன வலிமையில் ஒரு பகுதியை மீட்கலாம். பட்டினி கிடந்து அல்ல. பத்திய வியாபாரி விற்கும் டப்பாவை வாங்கி அல்ல. அளவறிந்த உணவாலும், நாள் தவறாத நடையாலும், மருத்துவரின் துணையாலும், பக்கத்தில் நிற்கும் தோழர்களின் துணையாலும்.

பணக்காரன் வியாதியா?

“சர்க்கரை பணக்காரன் வியாதி” என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். தொந்தி என்றால் கேலிச்சித்திரக்காரர் வரைந்த மில் முதலாளியின் தொந்திதான் நினைவுக்கு வந்தது. இன்று நிலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று அது கணக்கிட்டது. இத்தனை கோடிப் பேரும் மாளிகைவாசிகளா? ஆட்டோ ஓட்டுபவர் இருக்கிறார். இரவுக் காவல் பார்ப்பவர் இருக்கிறார். பத்து மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண் தொழிலாளி இருக்கிறார்.

காரணம் புரியாத புதிர் அல்ல. நம் பாட்டனார் உழுதார், நட்டார், நடந்தார். ஒரு படி சோறு தின்றாலும் மாலைக்குள் உடம்பு அதை எரித்துத் தீர்த்தது. வேலை மாறிவிட்டது, தட்டு மாறவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, ஏர் பிடித்தவன் அளவுச் சோறு. அதற்கு மேல் இரவு ஷிப்டு, கெட்ட தூக்கம், கிடைத்த நேரத்தில் கிடைத்த பரோட்டா. எரியாமல் மிஞ்சியது எங்கே போகும்? வயிற்றுக்குள் போய்க் குடியேறுகிறது.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் பொல்லாதது. தோலுக்கடியில் இருப்பதோடு அது நிற்பதில்லை. ஈரலில் படிகிறது; கணையத்திலும் படிகிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் சொல்வதை ஈரலும் தசையும் கேட்க மறுக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. கொதிப்பு ஏறுகிறது. நம் நாட்டவர் உடல்வாகில், பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் வயிற்றில் மட்டும் இந்தக் கொழுப்பு சேர்ந்துவிடும். ஆகவேதான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., அதாவது ஏறத்தாழ முப்பத்தைந்தரை அங்குலம், பெண்களுக்கு 80 செ.மீ. என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். எடைக் கல் பொய் சொன்னாலும், தையற்காரர் நாடா பொய் சொல்வதில்லை!

இலண்டன் பஸ்ஸிலே கண்ட உண்மை

உழைக்கும் மக்களின் உடம்பை வைத்தே உலகுக்குப் பாடம் கிடைத்த வரலாறு ஒன்று உண்டு. தொழிலாளத் தோழர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் மாரடைப்புச் சாவுகள் பெருகின. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், இலண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரின் நோய்க் கணக்கை எடுத்துப் பார்த்தார். இரட்டை மாடி பஸ்ஸில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படி ஏறி இறங்கினார். ஒரு நாளைக்கு ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள்! அதே பஸ், அதே புகை, அதே ஊர். ஆனால் கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்தது. வந்தபோது உடனே உயிரைக் குடித்ததும் டிரைவர்களிடத்தில்தான் அதிகம். தபால் துறையிலும் பார்த்தார். தெருத்தெருவாக நடந்தும் சைக்கிள் மிதித்தும் கடிதம் கொடுத்தவர்கள், நாற்காலியில் உட்கார்ந்திருந்த எழுத்தர்களைவிடத் தப்பித்தார்கள். 1953இல் இந்த ஆய்வு அச்சேறியது.

1956இல் மோரிஸ் மற்றொரு வேலை செய்தார். பஸ் தொழிலாளர்களுக்குக் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பு அளவை எடுத்து ஒப்பிட்டார். எந்த வயதிலும் டிரைவரின் கால்சட்டைதான் பெரிது! அப்படியானால், தொடக்கத்திலேயே பருத்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ? அந்தக் கேள்வியையும் அவர் மறைக்கவில்லை, தாமே எடுத்துவைத்தார். பிறகு பல நாடுகளில், பல தொழில்களில் நடந்த ஆய்வுகள், உடல் அசைவு இதயத்தைக் காக்கிறது என்பதை உறுதிப்படுத்தின. ஏழைக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த அந்த மோரிஸ், தொண்ணூறு வயதைத் தாண்டியும் உடற்பயிற்சியைக் கைவிடாதவர். 99 வயது வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

நம் ஊர் டிரைவர் தோழர்களுக்கு இது யாரோ எங்கோ சொன்ன கதையா? காலை நான்கு மணிக்கு டெப்போவுக்கு வந்து, எஞ்சின் சூட்டில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, கழிப்பிடம் இல்லாத முனையத்தில் தண்ணீர் குடிக்கவும் பயந்து, ஓய்வுபெறும்போது பணிக்கொடையோடு சர்க்கரையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களின் கதையல்லவா இது!

அறுபதுக்கு மேல் ஆகுமா?

“இளமையில் அசைந்தவனுக்குச் சரி. வாழ்நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு, அறுபதில் எழுந்து நடந்தால் பலன் உண்டா?” – இது நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் 27 மருத்துவ மையங்களில் 3,234 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. 2002இல் முடிவு வந்தது. எல்லோரும் நீரிழிவின் வாசற்படியில் நின்றவர்கள். ஒரு பிரிவினருக்கு வெறும் மாத்திரை வடிவில் மருந்தில்லாத உருண்டை. இன்னொரு பிரிவினருக்கு மெட்ஃபார்மின். மற்றொரு பிரிவினருக்கு, எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைத்து, வாரம் 150 நிமிடம் நடக்க வேண்டும் என்ற திட்டம். மருந்தில்லாத பிரிவோடு ஒப்பிட்டால், மெட்ஃபார்மின் புதிய நோயை 31 சதவீதம் குறைத்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் 58 சதவீதம் குறைத்தன. 60 வயதுக்கு மேற்பட்டோரிடம் அது 71 சதவீதம்! கிழவர்களுக்குப் பலன் குறையவில்லை தோழர்களே, கூடியிருக்கிறது!

நம் சென்னையிலும் ஆய்வு நடந்தது. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில், 531 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. மூன்று ஆண்டில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது; உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவர்களின் எடை பெரிதாக இறங்கவில்லை; அப்படியிருந்தும் பலன் கிடைத்தது. ஆகவே, “ஒரு மாதம் நடந்தேன், எடை இறங்கவில்லை, விட்டுவிட்டேன்” என்று சொல்லும் தோழர் அவசரப்பட்டுவிட்டார். முள் அசையாமல் இருக்கும்போதே உள்ளே இரத்தம் திருந்திக்கொண்டிருக்கிறது.

இன்னும் வியப்பான செய்தி கேளுங்கள். 1990இல், பாஸ்டன் நகரத்து முதியோர் மருத்துவ இல்லத்தில், 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்குக் காலால் பளுவைத் தள்ளும் பயிற்சி எட்டு வாரம் கொடுத்தார்கள். தொண்ணூறு வயது! தொட்டால் விழுந்துவிடுவார்கள் என்று நாம் நினைப்பவர்கள். எட்டு வாரத்தில் அவர்களின் கால் வலிமை ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காயிற்று. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரை இரண்டரை ஆண்டுக்கு மேல் கவனித்தார்கள். முறையாக நடந்து பயிற்சி செய்தவர்களிடம், நடக்க முடியாமல் முடங்கும் நிலை 18 சதவீதம் குறைவாக வந்தது.

இதற்கு மேலும் “வயதாகிவிட்டது” என்று சொல்லலாமா?

எடை குறையட்டும், சதை கரைய வேண்டாம்

ஓர் எச்சரிக்கை இங்கே வேண்டும். இளைஞன் எடை குறைப்பது வேறு, முதியவர் எடை குறைப்பது வேறு. வயது ஏற ஏறத் தசை தானாகவே தேய்கிறது. அந்த வயதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். எடைக் கல் மகிழ்ச்சியாகத்தான் காட்டும். ஆனால் பஸ் படியில் கால் ஏறாது, குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

2011இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. 65 வயதைக் கடந்த, உடல் பருத்த 107 பேரை நான்கு பிரிவாக்கி ஓராண்டு பார்த்தார்கள். உணவை மட்டும் குறைத்தவர்கள் எடையில் நூற்றுக்கு 10 பங்கு இழந்தார்கள்; உணவைக் குறைத்துப் பயிற்சியும் செய்தவர்கள் 9 பங்கு இழந்தார்கள். எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எழுந்து நடந்து வேலை செய்யும் திறன், முதல் பிரிவில் 12 சதவீதம்தான் கூடிற்று. இரண்டும் செய்தவர்களிடம் 21 சதவீதம் கூடிற்று. தசை இழப்பும் அவர்களிடம் குறைவு. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குத் திறன் கூடியது; எடை இறங்கவில்லை. ஒரு கையால் ஓசை எழாது. உணவும் பயிற்சியும் இரண்டும் வேண்டும்.

முழங்கால் வலிக்காரருக்கும் ஒரு நற்செய்தி. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து சொன்னார்கள். ஐந்து கிலோ குறைத்தால், அடிக்கு இருபது கிலோ! ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடிகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வந்த நோய் போகுமா?

“வராமல் தடுப்பது இருக்கட்டும், வந்தவனுக்கு வழி என்ன?” என்று கேட்பீர்கள்.

ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் மைக் லீன், ராய் டெய்லர் என்ற இரு பேராசிரியர்கள் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்கு உட்பட்ட, 65 வயது வரையிலானவர்கள் அதில் சேர்ந்தார்கள். மருத்துவர் மேற்பார்வையில் சில மாதம் மிகக் குறைந்த உணவு. பிறகு படிப்படியாகச் சாதாரண உணவு. ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினருக்கு, மாத்திரை இல்லாமலே சர்க்கரை நீரிழிவின் எல்லைக்குக் கீழே இறங்கியது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதத்தினருக்கு இறங்கியது. ஈரலையும் கணையத்தையும் அடைத்திருந்த கொழுப்பு விலகியதே காரணம்.

ஆனால், மூடி மறைக்காமல் மற்றதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆயிற்று. எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. பல ஆண்டாக நோய் உள்ளவர்களுக்கும், இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. “நாற்பது நாளில் சர்க்கரையை வேரறுப்போம்” என்று சுவரொட்டி ஒட்டி, மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்லி, பொடிக்கும் இலேகியத்துக்கும் ஆயிரக்கணக்கில் பிடுங்குகிறார்களே, அவர்களிடம் சிக்கிவிடாதீர்கள். கண் போய், சிறுநீரகம் போய், கால் போய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அந்தச் சுவரொட்டிக்காரன் துணைக்கு வரமாட்டான். ஒரு தொழிலாளியின் கால் போனால், ஒரு குடும்பத்தின் கஞ்சி போயிற்று என்று பொருள்.

தட்டிலே தொடங்குவோம்

எவ்வளவு குறைக்க வேண்டும்? 80 கிலோ உள்ளவருக்கு நூற்றுக்கு ஏழு என்றால் ஐந்தரைக் கிலோ சொச்சம். மாதம் ஒரு கிலோ வீதம் ஆறு மாதத்தில் ஆகிவிடும். அவசரம் வேண்டாம்.

தேநீரிலே தொடங்கலாம். ஒரு நாளைக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், மாதம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ சர்க்கரை தொண்டைக்குள் இறங்குகிறது! சங்கக் கூட்டத்தில் தேநீரைக் குறைக்கச் சொல்வது பெரும் புரட்சி என்று அறிவோம்; சர்க்கரையையாவது பாதியாக்குங்கள், பிறகு அறவே விடுங்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று பெயர் மாற்றினால் இரத்தம் ஏமாறாது.

சோறு வேண்டாம் என்று சொல்லவில்லை. மலையைக் குன்றாக்குங்கள். தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு சோறு அல்லது களி. கால் பங்கு பருப்பு, சுண்டல், கொள்ளு, முட்டை, மீன் – கையில் காசுக்கு ஏற்றபடி. தசை கரையாமல் காப்பது இந்தக் கடைசிக் கால் பங்குதான். கேழ்வரகு நல்லது, ஆனால் அதுவும் மாவுப்பொருளே என்பதால் அளவு அதற்கும் உண்டு. மாலை நேரத்துப் பஜ்ஜி, போண்டா வாரத்தில் ஒரு நாளாகட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உப்பு ஒளிந்திருக்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு, முட்டையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மதுவைப் பற்றி ஒரு சொல். ஒரு குவார்ட்டரில் ஏழு இட்லிக்குக் குறையாத எரிபொருள் இருக்கிறது. தொட்டுக்கொள்ளும் வறுவல் தனிக் கணக்கு. பீடி எடையைக் குறைக்கும் என்று நம்புகிறவர், இதயக் குழாயை அடைத்துக்கொண்டு இடுப்பைச் சுருக்கப் பார்க்கிறார்.

இன்னொன்று. வீட்டிலே சமைப்பவர் மனைவி, பத்தியம் உங்களுக்கு. “கீரை எங்கே, சுண்டல் எங்கே” என்று அவர்மேல் எரிந்து விழுவது பகுத்தறிவாகாது. காயை நறுக்கித் தாருங்கள். அந்த நடையில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கும் சர்க்கரை உண்டு, அவருக்கும் முழங்கால் உண்டு.

காலை எடுத்து வைப்போம்

வாரம் 150 நிமிடம் என்றால் நாளைக்கு அரை மணி, ஐந்து நாள். முதல் நாளே அரை மணி வேண்டாம். பத்து நிமிடம் போதும், வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுவே சரியான வேகம். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால், ஏறும் சர்க்கரை அடங்கும். முழங்கால் மிகவும் வலித்தால் சைக்கிள் மிதிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கலாம்.

வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். சுவரில் கைவைத்துத் தள்ளுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். நாற்காலியைத் தொட்டபடி ஒற்றைக் காலில் சற்று நில்லுங்கள். இது விழாமல் காக்கும். இதற்குக் கட்டணமும் இல்லை, கருவியும் இல்லை.

மறந்துவிடக் கூடாதவை சில உண்டு. தொடங்குமுன் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவு குறைந்து, மாத்திரை மட்டும் பழைய அளவிலே இருந்தால், இன்சுலின் போடுவோருக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போருக்கும் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கொடும்பசி கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். கொதிப்பு மாத்திரை உண்பவருக்கு எழும்போது தலை சுற்றினால் அதையும் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பது மருத்துவர் வேலை, நம் வேலையல்ல. கால் மரத்தவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இரவில் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படுங்கள். நடக்கும்போது மார்பு இறுகினால், மூச்சு முட்டினால், நின்றுவிடுங்கள். “வாயுதான்” என்று சோடா குடிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். முயற்சி இல்லாமலே எடை இறங்குகிறதா? மகிழாதீர்கள்; காசநோயோ வேறு நோயோ உள்ளே இருக்கலாம், சோதித்துப் பாருங்கள்.

தனி ஒருவன் சுமையா?

இத்தனையும் சொல்லிவிட்டு, “இனி உன் பாடு” என்று தொழிலாளியைத் தனியே விட்டுவிடலாமா? “நடந்து போ” என்கிறோம். நடக்க நடைபாதை எங்கே? கடைக்காரர் பலகையும் மோட்டார் சைக்கிளும் அதை விழுங்கிவிட்டன. “நேரத்துக்குச் சாப்பிடு” என்கிறோம்; ஷிப்டு விடவில்லையே! உடம்பைக் காப்பது தனி மனிதன் கடமை. காப்பதற்கு வசதி செய்வது சமுதாயத்தின் கடமை. ஒன்றைச் சொல்லி மற்றதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் உழைக்கும் ஆலைகளில் உணவகம் வைக்கச் சொல்ல வழி செய்தது. அதன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிக்கும் இடம் சொன்னது. அந்த நாற்காலியைப் போராடித்தான் பெற்றோம். அதில் உட்கார்ந்து விலையைப் பற்றி மட்டும் பேசினோம். சட்டியில் என்ன வேகிறது என்று கேட்டோமா? சட்டங்கள் மாறலாம், உணவகம் உள்ள இடத்தில் போண்டாவுக்குப் பதில் சுண்டல் கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை. முனையங்களில் கழிப்பிடமும் குடிநீரும் கேட்பதும் மாரடைப்பைத் தடுக்கும் வேலைதான்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. மாத்திரை வாசலுக்கு வரலாம், நடை வராது. அதற்கு நாம்தான் வாசலைத் தாண்ட வேண்டும்.

ஆகவே, கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலைத் திட்டம். ஒவ்வொரு படிப்பகத்திலும் ஓர் அளவு நாடாவும், ஓர் எடை பார்க்கும் கருவியும், இரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவியும் இருக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மாதம் ஒருமுறை இடுப்பளவும் எடையும் கொதிப்பும் அவரவர் பெயருக்கு நேரே ஏறட்டும். காலை ஆறு மணிக்குப் படிப்பகத்து வாசலில் கூடி, பத்துப் பேராக நடந்துவிட்டு வாருங்கள். ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர் கதவைத் தட்டட்டும். தனியே நடப்பவன் மழைக்கு நின்றுவிடுவான். கூடி நடப்பவனை மழையும் நிறுத்தாது. ஊர்வலம் நமக்குப் புதிதா?

எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, ஓய்வூதியம் – இவை யாரும் தட்டில் வைத்துத் தந்தவை அல்ல. முன்னோர் குருதி சிந்திப் பெற்றவை. ஓய்வூதியத்தைப் பெற்றுத் தந்தது போராட்டம். அதை வாங்கி, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்ச் செலவழிக்க, காலும் கண்ணும் இதயமும் வேண்டுமல்லவா? அவற்றைக் காப்பதும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியே.

நாளைக் காலை ஆறு மணி, தோழர்களே! செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள்!